கோடி போன வருஷம்

எங்கள் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள்.
எந்தத் துண்டிலும் கடல் விழவில்லை.

தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போன எஸ்தர்
ஞாயிறுதோறும் படம் அனுப்புகிறாள்.
பாறை, நுரை, நுரையைக் கடிக்கும் அவள் நாய்.
கீழே ஒரு வரி:
“உங்க ஊர்ல எங்க நடப்பே?”

காவேரிப்பாக்கத்தில் வீடு பார்த்தபோது
பூங்காவனம் அம்மா கணக்கு ஒப்புவித்தார்:
ரெண்டு ஃபேன், ஒரு மோட்டார்,
அப்புறம் இந்த நாய்.
அட்வான்சில் கழிக்க முடியாது.
டைனமோ என்று பெயர் வைத்தேன்.
வீடு வீடாக மீட்டர் பார்ப்பவள்
வேறென்ன வைப்பாள்.

நான்கு வருஷமாக அதற்கு
ஏரி என்றால் தரை.
வெடித்த களிமண், கருவேலங்காடு,
ஆட்டுப் புழுக்கை, செங்கல் ஸ்டம்பு,
ஓர் உடும்பு வாலை இழுத்துக்கொண்ட பொந்து.
எலும்பு புதைத்த இடங்களுக்கெல்லாம்
மூக்கிலேயே பட்டா வைத்திருந்தது.

இந்தக் கார்த்திகையில்
பாலாறு அணைக்கட்டில் திரும்பிக்
கால்வாய் வழியே இரவும் பகலும் வந்தது.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள்
ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு:
கோடி போவுதாம்.

ஞாயிறு, வெளிச்சம் வருமுன்
கரை ஏறினோம்.
எப்போதும் போல
மறுபக்கச் சரிவில் பாயப்போன டைனமோ
நாலு காலையும் ஊன்றி நின்றது.

எதிர்க்கரை தெரியவில்லை.
வடக்கே சோளிங்கர் மலை
கழற்றி வைத்த செருப்பு மாதிரி.
கரைக்கல்லில் அலை அடித்தது.
அலை என்றுதான் எழுதுகிறேன்,
எஸ்தர் சிரித்தால் சிரிக்கட்டும்.

குரைத்தது.
பூட்டிவிட்டுப் போன வீட்டில்
யாரோ சமைக்கிற வாசனை வந்தால்
நாமும் இப்படித்தான் கத்துவோம்.

லாரி ட்யூபில் உட்கார்ந்து
வலை எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.
“இன்னாமே, உன் நாய்க்குத் தண்ணின்னா தெரியாதா?”
“கொழாத் தண்ணி தெரியும்.”
“எனுக்கே மறந்துபோச்சு.
நாலு வருசம் சிப்காட்டுல வாட்ச்மேனு.”
ட்யூபைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்,
கனவில்லை என்று உறுதி செய்பவர் போல.

நடந்தோம்.
இடப்பக்கம் வயல், வலப்பக்கம் வானம்,
நடுவில் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு நாங்கள்.
காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கி
அதன் முகத்தில் போட்டது.
நாரைகள். ஒரு தெர்மகோல் பெட்டி.
யாருடையதோ ஒற்றைக் கதவு
மிதந்து மிதந்து தட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் மதகில் அது குதித்தது.

கூப்பிட்டேன்.
எனக்கு நீந்தத் தெரியாது,
அதற்குத் தெரியுமா என்றும் தெரியாது.
தலை மட்டும் போய்க்கொண்டிருந்தது,
நேராக, சந்தேகமில்லாமல்,
கழுத்தளவு மூழ்கி நின்ற
அந்தக் கருவேல மரத்துக்கு.

அதன் மரம்.
தினமும் காலைத் தூக்கிக்
கையெழுத்துப் போடுகிற மரம்.
சுற்றியது. அடிமரத்தைத் தேடியது.
மறுபடி சுற்றியது.
தூக்கக் கால் இருந்தது, ஊன்ற நிலமில்லை.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
மீட்டர் ஓடுவதைப் பார்க்கிற பழக்கத்தில்,
ஏழாவது சுற்றில் எண்ணிக்கை தவறியது.

பிறகு நின்று, நீந்தியபடியே,
கொஞ்சம் குடித்தது.

திரும்பி வந்து
என் செருப்புப் பக்கத்தில் நின்று
மூக்கிலிருந்து வால்வரை
ஏரியை உதறியது.
போனில் எடுத்த படத்தில்
நாயில்லை, ஏரியுமில்லை,
கண்ணாடியில் சிதறிய பெரிய பெரிய சொட்டுகள்.
அதையே எஸ்தருக்கு அனுப்பினேன்.

“எந்தக் கடல்?”

பதில் அடித்தேன், அழித்தேன்.
டைனமோ அதற்குள்
பொதுப்பணித்துறைக் கல் ஒன்றை
முன்னும் பின்னும் மோந்து முடித்து,
காலைத் தூக்கி,
புதிய கரையைப் பதிவு செய்துவிட்டு
கோடிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.
அங்கிருந்து சத்தம் கேட்டது,
ஒரு ஊரே குளிக்கிற சத்தம்.