இருநூற்று ஏழாம் பக்கம்

தொகுதி பதினொன்று, இதழ் மூன்று.
எங்கள் கழிமுகத்து மட்டிச் சதையில்
காட்மியம் எவ்வளவு என்று
தொண்ணூற்று நாலிலேயே யாரோ அளந்திருக்கிறார்கள்.
வக்கீல் ஃபெலிசியா சொன்னார்:
பழைய அளவு கையில் இருந்தால்தான்
புதிய அளவுக்கு வாய் உண்டு.

தேடினேன்.
இதழ் எப்போதோ நின்றுபோயிருந்தது.
நடத்திய கம்பெனியை,
மடவையைக் கொடுவா விழுங்குவதுபோல்,
இன்னொன்று விழுங்கி
அதையும் வேறொன்று விழுங்கி
கடைசி முகவரியில் ஒரு வெள்ளைத் திரை:
நீங்கள் தேடும் பக்கம் இங்கு இல்லை.

இன்னோர் இடத்தில் இருந்தது.
முப்பத்தொன்பது டாலர்.
இருபத்துநாலு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம்.
ஐஸ் பெட்டியில் போட்ட சங்கரா மீன்கூட
அதைவிட ஒருநாள் கூடுதலாகத் தாங்கும்.
அள்ளிக்கொண்டு போன மட்டிக்கு
அன்றைக்கு நாங்கள் காசு கேட்கவில்லை.

எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.
காலடிப்பேட்டை வீட்டில் அவர் மகள்
ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் தந்தாள்.
உள்ளே ஏழு ஃப்ளாப்பி.
ஏழின் மேலும் நீல மையில் ‘இறுதி வடிவம்’.
அவற்றைப் படிக்க ஒரு இயந்திரம்
பர்மா பஜார் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை.

தண்டையார்பேட்டைக் கல்லூரி நூலகத்தில்
கீழ்த்தட்டிலிருந்து குனிந்து எடுத்தார் டில்லிகுமார்.
வெள்ளத்தில் ஊறிக் காய்ந்த தொகுதி
பொரித்த அப்பளமாய் நெளிந்திருந்தது.
203, 204, 205, 206,
209.
நடுவில் ஒரு தாளை
பிளேடு வைத்து, நேர்கோட்டில், பொறுமையாக
யாரோ அறுத்திருக்கிறார்கள்.
அட்டவணை இருந்த தாள்.
திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
அவனிடமும் அன்று
ஜெராக்ஸுக்குக் காசில்லாமல் இருந்திருக்கலாம்.

டில்லிகுமார் எங்கெங்கோ மெயில் போட்டார்.
பதினாறாம் நாள் குவாஹாட்டியிலிருந்து வந்தது,
அந்தத் தாள் மட்டும், முன்னும் பின்னும்.
கொஞ்சம் சாய்ந்த படம்.
ஓரத்தில் யாருடையதோ கட்டைவிரல்,
நகக்கண்ணில் மை.

நிலையம் 4: பாலத்துக்கு வடக்கே, சதுப்பு ஓரம்.
பக்கத்தில் எண்கள்.
எனக்கு அப்போது மூன்று வயது.
இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து
தினம் மட்டி தடவிய இடத்துக்கு
அப்படியொரு பெயர் இருந்தது அம்மாவுக்குத் தெரியாது.
அவித்து, ஊதி ஆற்றி, ஊட்டினாள்.

எர்ணாவூர் ஜெராக்ஸ் கடையில்
எத்தனை காப்பி என்றார்.
தீர்ப்பாயத்துக்கு ஒன்று போதும்.
ஒன்பது என்றேன்.
எல்லாம் ஒரே பீரோவில் இருந்தால்
ஒரு மழை போதும்.
வக்கீலுக்கு ஒன்று.
அறுந்த இடத்தில் செருக, டில்லிகுமாருக்கு ஒன்று.
சங்கத்து இரும்புப் பெட்டிக்கு.
பிஸ்கட் டின் மகளுக்கு.
மீதியை யாரிடம் கொடுப்பதென்று இன்னும் யோசிக்கவில்லை.

ஒவ்வொன்றிலும் அந்த விரல் கறுப்பாக விழுந்தது.
“அசிங்கமா கீதே, மறைச்சிடட்டா?”
வேணாண்ணா, இருக்கட்டும்.
அதுதான் தாளைப் புடிச்சினு இருக்குது.