பத்து ரூபாய் நாணயம்

கோட்டாற்றுக் கடைக்காரர்
இரண்டு ஹாக்கி மட்டைகளையும்
கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தார்.
ஒன்று நடுவில் லேசாக, மட்டிப்பழம்போல.
மற்றது அடிப்பக்கம் போய்
ஏத்தங்காய் வளைவு.

“கார்னருக்கு இதுதான்டீ” என்றாள் ஜெபிஷா.
கார்னர் அவள் எடுப்பது.
நான் பின்னால் நிற்பவள்;
பந்து என் மட்டையில் வந்து சாக வேண்டும்,
துள்ளக் கூடாது.

பஸ்ஸில் யாரும் வாங்காத பத்து ரூபாயை
நிமிர்த்தி அடியில் உருட்டினேன்.
மட்டிப்பழம் தொட்டதும் நிறுத்தியது.
ஏத்தங்காய்
ஒரு நகக்கண் நுழையவிட்டு முட்டியது.
இரண்டுமே விதிக்குள்.

கோச் சொன்னது நடுவளைவு.
கை எடுத்தது ஏத்தங்காய்.
ஜெபிஷா
தன் பழைய மட்டையின் நாடாவைப்
பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கணக்கில் பத்து குறைந்தது.
நாணயத்தை நீட்டினேன்.
“அது அளக்கதுக்கு மட்டுந்தான் மக்களே”
என்றார்.