பத்துக்கு ஆறரை

முதலில் கைகளைக் கழுவிக்கொண்டேன்.
ரெயின்போ நகர், மூன்றாம் குறுக்கு.
ரெனே சவரிமுத்துவின் சாப்பாட்டு மேசையைவிட்டு
மீன்குழம்பு வாசம் இன்னும் எழுந்து போகவில்லை.
பழைய பேப்பரை விரித்து
அதன்மேல் படுக்கவைத்தார் கருநாரையை.
பன்னிரண்டு அங்குலம். இரண்டாம் படத்து உடை.
"சீல் பிரிக்காததுன்னே வச்சுக்குங்க" என்றார்,
பிரித்த பெட்டியைக் காலால் பின்னே தள்ளியபடி.

வாரத்தில் ஆறு நாள்
சேதராப்பட்டில் ஷாம்பு மூடி பார்க்கிறவள் நான்.
அச்சின் இரு பாதி சேர்ந்த கோடு,
உருகியது உள்ளே நுழைந்த வடு,
ஆறும்போது சுருங்கிய குழி.
பிளாஸ்டிக் என்னிடம் பொய் சொல்லாது,
சொன்னாலும் விரல் நகம் கண்டுபிடித்துவிடும்.
ஞாயிறுகளில் அதே நகத்தை
வீரர்கள்மேல் ஓட்டுகிறேன்.
பெங்களூரில் யாரோ காசு தருகிறார்கள்.

முகத்தில் சாயல் உண்டு.
தாடை அந்த நடிகருடையது, நெற்றி என் மச்சானுடையது,
கடன் கேட்க வரும்போது மட்டும் இருக்கும் நெற்றி.
இடது கண்மணி ஒரு நூல் விலகியிருக்கிறது.
கம்பெனியிலேயே அப்படித்தான். குறைக்கவில்லை.
வலது தோள் இறுக்கம்.
இடது கையை உயர்த்தி விட்டால்
எட்டு நொடியில் தானாக இறங்குகிறது,
பதில் மறந்துபோன பையன் மாதிரி.
இறகு மேலங்கியின் ஓரக் கம்பியில் துரு.

துரு?

லென்ஸை இறக்கினேன்.
முழங்காலுக்குக் கீழே, பூட்ஸின் கறுப்பில்,
மயிரிழையாய் ஒரு வெளிர்க் கோடு.
பின்பக்கமும் அதே உயரம். சுற்றிலும்.
வெர்னியர் வைத்தேன், எழுபத்தொரு மில்லிமீட்டர்.
தலையைத் தூக்கினால் கூடத்துச் சுவரிலும் ஒரு கோடு,
இரண்டு கோட் பெயின்ட்டையும் மீறி மேலே வந்து
நேராக ஓடுகிறது
கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டைத் தொட்டுக்கொண்டு.

"கார்த்திகைப் புயலா?" என்றேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
"மேல்தட்டுல பத்திரம், பென்ஷன் புக்கு,
அக்கா பிரான்சுலேர்ந்து அனுப்புன போட்டோவெல்லாம்.
இடமில்ல. இவன் நிப்பான்னு விட்டேன்.
படத்துல அணையையே ஒத்தக் கையால தாங்குறானே."

நின்றிருக்கிறான்.
இரண்டு இரவு, ஒரு பகல்,
மழையும் சாக்கடையும் ஒன்றான தண்ணீரில்
விழாமல்.
இடது தோளைப் பற்றி
இப்போது வேறு மாதிரித் தோன்றியது.
தோன்றுவதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

"கோட்டை அழிச்சிடலாமா? ஆல்கஹால் போட்டா போயிடுமாம்."
இந்த ஊரில் அதற்கா பஞ்சம்.
அழித்த தடமே தெரியாமல் அழிக்க எனக்கு வரும்.
எட்டரை போட்டால் இருபத்திரண்டாயிரம் போகும்.
வாசற்படியில் இரண்டு வரி செங்கல் ஏற்ற
மேஸ்திரி பதினெட்டு கேட்கிறாராம்,
நான் கேட்காமலே சொன்னார்.
கோட்டோடு என்றால் பதினொன்று. மிஞ்சினால் பன்னிரண்டு.

பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள்.
தண்ணீர் விழும் சத்தத்துக்கு
அவர் பாதம் இரண்டும்
நாற்காலிக் கம்பிமேல் ஏறிக்கொண்டன.
அவருக்கே தெரியவில்லை.

ஆறரை எழுதினேன்.
கண்ணாடி போட்டு இருமுறை வாசித்தார்.
"ஒரு அரை சேத்துப் போடக் கூடாதா?"
கொசுறு கேட்கிற குரல்.
இல்லை என்று தலையாட்டினேன்.
கோபப்படாமல் காபி கலக்கப் போனார்,
அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பெட்டியில் வைக்குமுன்
மூடிய இடது முட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
விரல்களும் உள்ளங்கையும் சேரும் இடுக்கில்
கடுகளவு வண்டல், காய்ந்து இறுகி,
பிடித்தபடியே இருக்கிறான்.
பிரஷ் பையில்தான் இருந்தது.

குறிப்பு ஏழு: இடது கைக்குள் மண்.
அகற்றப்படவில்லை.