சுடுதுளை

மூன்று முழக் கனம் எங்கள் சுவர்.
ஸ்வானேத்தியில் பழிக்குப் பழி நடந்த நாளில் கட்டியது.
குண்டு நுழையாது.
வைஃபையும் வெளியே போகாது.

முற்றத்துக்கு அப்பால் பலகை அறையில்
தங்க வந்த போலந்துக்காரி
போனைத் தூக்கிப் பிடித்து நடக்கிறாள்
தேன்கூடு தேடுகிறவள் போல.
ஒரு கோடு. அதுவும் மினுக்கி மினுக்கி.

ரூட்டரைப் பீரோ மேல் வைத்தேன்.
ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன், இருந்ததும் போயிற்று.
ஆன்டெனாவை நிமிர்த்தினேன், சாய்த்தேன், திட்டினேன்.

மக்வாலாதான்
சுடுதுளையில் அடைத்திருந்த கம்பளியை உருவினாள்.
கொள்ளுப்பாட்டன் முர்ஸகான் துப்பாக்கி நீட்டிய இடம்,
ரூட்டருக்கென்றே அளவெடுத்தது போல.
நான்கு கோடு!
முற்றத்தில் ஒருத்தி குதித்தாள்.

துளை பார்ப்பது எதிர்வீட்டை.
நூறு வருஷமாகப் பேச்சில்லாத வீடு.
அவர்கள் போனிலெல்லாம் இப்போது
எங்கள் குடும்பப் பெயர், பக்கத்தில் ஒரு பூட்டு.
அந்த வீட்டுப் பையன் வேலிமேல் உட்கார்ந்து
பூட்டையே பார்க்கிறான்.

நேற்றுப் பால் கறந்து திரும்பிய மக்வாலா
வேலியோரம் நின்று, மாட்டிடம்
எட்டு எண்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.
இரண்டு தடவை.

மாட்டுக்குக் காது மந்தமாம்.