உள்ளே வரும் எதையும் மறு

குருநகர், மாலை ஆறரை.
பெண்கள் ஆலோசனை நிலையத்தின் பின்னறையில்
மூன்று பழைய மடிக்கணினிகள்.
விண்டோஸ் போய் லினக்ஸ் வந்து ஒரு கிழமை.
"இனிப் பயமில்லைத்தானே?" ஜெனிற்றா கேட்டார்.
இருக்கு, என்றேன்.
வீடு மாறினதுக்காகக் கதவு தானாய்ப் பூட்டிக்கொள்ளாது.

கருந்திரையில் முதலில் விசாரித்தேன்,
யார் யார் காதைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்கள் என்று.
இல்லாத பிரிண்டருக்காக ஒருவன்.
வாங்காத ஸ்பீக்கருக்காக இன்னொருவன்.
எதற்கென்று எனக்கே விளங்காத ஒன்று;
அதைத் தேடி வாசிக்க அரை மணித்தியாலம், ஒரு பிளேன்ரீ.
எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

பிறகு பயர்வோல்.
உள்ளே வரும் எதையும் மறு. அதுதான் முதல் வரி.
எழுதும்போது விரல் கொஞ்சம் நின்றது.
பதினாறு வயதில் சைக்கிளை உருட்டிக்கொண்டு
முத்திரைச்சந்தி வரிசையில் நின்றவன் நான்.
எங்கே போகிறாய், ஏன், அடையாள அட்டை எங்கே.
அதே கேள்விகளை இப்போது
என் கையாலேயே எழுதி இயந்திரத்துக்குள் வைக்கிறேன்.
ஆனால் இந்தக் காவலரணில்
யாரை மறிப்பதென்று சொல்வது உள்ளே இருப்பவர்கள்.
அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு
அடுத்த வரிக்குப் போனேன்.

"இருநூற்றுப் பதினாலு வாக்குமூலம் கிடக்கு, தம்பி.
ஒருத்தியின்ர புருசன் போன் கடை வச்சிருக்கிறார்.
போன மாசம் பென் ட்ரைவோட வந்து நிண்டவர்,
பாட்டு ஏத்தித் தரட்டோ அக்கா எண்டு."
யூஎஸ்பி வாசலையும் அடைத்தேன்.

"எல்லாரும் இதின்ர கோட்டைப் பார்க்கலாமாமே,
பேந்தென்ன பாதுகாப்பு?"
பூட்டு எப்படிச் செய்ததென்று ஊருக்கே தெரியட்டும்.
எத்தனையோ பேர் உடைத்துப் பார்த்து,
திருத்தி, பிறகும் உடைத்துப் பார்த்த பூட்டு.
திறப்பு மட்டும் உங்களிடம்.

டிஸ்கைப் பூட்ட நான் வைத்த தற்காலிகச் சொல்லை
அவர் மாற்றவேண்டும். ஆறு சொற்கள்.
பிள்ளையின் பெயர் வேண்டாம். கோயில் திருநாள் வேண்டாம்.
நெடுநேரம் யோசித்தார்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
கரையில் யாரோ ஐஸ் உடைக்கிறார்கள்.
பின்னால் விசைகளின் சத்தம்; நடுவில் ஒருமுறை
தனக்குள் சிரித்தார்.
எதற்கென்று எனக்குத் தெரியாது.
தெரியவும் கூடாது.

மிச்சம் ஒன்று. நிர்வாகிப் பட்டியலில் என் பெயர்.
"கிடக்கட்டுமே, அவசரத்துக்கு."
அவசரத்துக்கென்று விடுகிறதுதான் முதல் ஓட்டை, என்றேன்.
என்னை அழிக்கும் கட்டளையை அவரே அடித்தார்.
ஒரு எழுத்துப் பிழை. திரை முறைத்தது.
மறுபடியும் அடித்தார்.
இந்தமுறை அது ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றும் சொல்லாவிட்டால்
சரி என்று அர்த்தம், என்றேன்.