சில்லறைக் கல்யாணம்

ஓவரோன்சோகியில் ஏறும்போதே
கத்தத் தொடங்கியிருந்தான் கசாலி,
கதவில்லாத வாசலில் ஒரு கால், காற்றில் ஒரு கால்:
"சில்லறை இருந்தால் ஏறு,
இல்லையென்றால் உன் சொந்தக் காரில் போ!"

எல்லோரும் ஏறினோம்.
ஒருவரிடமும் சில்லறை இல்லை.

மூன்று பேர் இருக்கையில் நான்காவதாய் நான்.
மடியில் என் சோற்று டப்பா,
அதன் மேல் முன்சீட்டுக்காரரின் முதுகு.
பக்கத்து ஆள் நெஞ்சோடு அணைத்திருந்தான்
செய்தித்தாள் சுற்றிய மூன்று இறக்கைகளை.
மின்விசிறியின் இறக்கைகள்.
அப்படியொரு புழுக்கத்தில்
காற்றின் எலும்பை மட்டும் எடுத்துப்போகிறவனைப் பார்த்துச்
சிரிப்பு வந்தது.
சிரிக்க இடமில்லை.

பாலத்தில் ஏறியதும் நின்றது வண்டி.
லாகோஸில் இதையெல்லாம் ஒரு செய்தியென்று சொல்லமாட்டார்கள்.
எப்போது நகர்ந்தது என்பதுதான் செய்தி.
கீழே காயல். மரக்கால்களில் நிற்கும் வீடுகள்,
அறுவை ஆலைகளின் புகை.
துடுப்புப் படகில் ஒரு பெண்
தக்காளிக் கூடையோடு எங்களைக் கடந்து போனாள்,
பிறகு அவளுடைய அலையும் கடந்து போனது.
நேந்திர வறுவல் விற்கும் பையன்
நடந்தே எங்களுக்கு முன்னால் போய்
ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து
எங்களுக்காகக் காத்திருந்தான்.

கட்டணம் எழுநூற்றைம்பது நைரா.
நான் ஆயிரம் நீட்டினேன். இறக்கைக்காரனும் ஆயிரம்.
விரலிடுக்குத் தாள்களைப் புரட்டிய கசாலி
எங்கள் இருவரையும் ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான்,
பொருத்தம் பார்க்கிறவனைப் போல.
பிறகு ஒற்றை ஐந்நூறு.
"நீங்க ரெண்டு பேரும் ஜோடி. இறங்கிப் பிரிச்சுக்கோங்க."
பின்சீட்டில் யாரோ குலவையிட்டார்கள்.
நர்ஸ் உடையில் இருந்தவள் கண்ணைத் திறக்காமலே
ஆமென் என்றாள்.

ஒபாலெண்டேயில் இறங்கி
வாசல் வாசலாக ஏறாத குறை.
அவித்த முட்டைக்காரி உதட்டைப் பிதுக்கினாள்.
செருப்புத் தைக்கிறவன் தாளை வாங்கி
வெயிலில் பிடித்து, ரசித்துத் திருப்பித் தந்தான்.
வாங்கினால் மாற்றித் தருகிறேன் என்றாள் சோளம் சுடுகிறவள்.
வாங்கினால் மாற்ற என்ன இருக்கும் என்றான் இவன்.
பெயர் ஒசாசுவா என்றான்.
எபியெரே என்றேன்.
எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவை அறையில்
நான் கையெழுத்துப் போட வேண்டும்;
எட்டு மணி இருபது நிமிடத்துக்கு முன்பே போய்விட்டது.
நழுவும் இறக்கைகளை இடுப்புக்கு ஏற்றியபடி
"நீயே வை. நாளைக்கு இதே வண்டியில் பார்க்கலாம்" என்றான்,
இந்த ஊரில் இதே வண்டி என்று
ஒன்று இருப்பதைப் போல.

அந்த வெள்ளிக்கிழமையே செலவழித்துவிட்டேன்.
மழை. முழங்கால் வரை தண்ணீர்.
ஐந்நூறுக்கு ஒரு நைரா குறையாது என்றான் மூன்றுசக்கரக்காரன்.
என் பாதியில் ஏறி
அவன் பாதியில் வீடு சேர்ந்தேன்.

அதன்பின் இருநூறும் ஐம்பதுமாய்
கைப்பையின் தனி உறைக்குள் வைத்திருக்கிறேன்,
அரிசி வாங்கக் குறைந்த நாளிலும் தொடாமல்.
எனக்குத் தர வேண்டியவர்கள் இந்த ஊரில் நிறைய:
வீட்டுக்காரர், என் தங்கை, இரண்டு மாதச் சம்பளத்துக்கு முதலாளி.
நான் தர வேண்டியது இந்த ஒருவனுக்கு.

நேற்று மாலை பாலத்தில்
எதிர்த்திசையும் நின்றிருந்தது.
நடுத்தடுப்புக்கு அப்பால், மஞ்சள் வண்டியொன்றின் ஜன்னலில்
ஒசாசுவா, மடி காலியாக.
"இருநூற்றைம்பது!" என்று கத்தினேன்.
தாள்களை வெளியே நீட்டி ஆட்டினேன்.
எங்கள் வண்டியே திரும்பிப் பார்த்தது.
அவன் ஆள்காட்டி விரலை உயர்த்தி
காதுக்குப் பக்கத்தில் வட்டமாகச் சுற்றினான்.

விசிறி ஓடுகிறது என்றானா,
சுற்றி வருகிறேன், இரு என்றானா,
இல்லை, யாரிந்தப் பைத்தியம் என்று
பக்கத்து ஆளிடம் கேட்டானா?

அவன் வரிசை நகர்ந்தது.
எங்களுடையது இல்லை.