முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு செதில்

ஓர் எழுத்தைத் திருத்தப்
பதினொரு வருடம் பிடித்தது எனக்கு.

அதுவரை அவள் என்றே எழுதினேன்.
மீசையை மட்டும் மழித்துவிட்டு
மற்றதெல்லாம் அப்படியே விட்டிருந்தேன்:
சாரத்தை மடித்துக் கட்டுவாள்,
ஐஸ் கட்டியைத் தோளில் தூக்குவாள்,
பேந்து அதே தோளில் சாய இடம் தருவாள்.
வாசித்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.
உழைக்கிற பிள்ளை என்றார் ஒருவர்.

ஐப்பசி மழையில் கரண்ட் போன இரவு
திருஞானசம்பந்தர் வீதி அறையில்
மெழுகுதிரியை வைத்துக்கொண்டு
ள் எல்லாவற்றையும் ன் ஆக்கினேன்.
நூற்றுப் பதினேழு இடங்கள்.
சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.
ள் சொல்ல நாக்கு வளைய வேண்டும்.
ன் சொல்ல வேண்டாம்.

கொழும்புப் பதிப்பாளர் போனில் நல்ல மாதிரித்தான் கதைத்தார்.
"தம்பி, நடை வடிவு.
கடைசியில ஆராவது ஒருத்தனைச் சாகக் குடுங்கோ,
போடலாம்."

பள்ளியிலும் அதைத்தான் கரும்பலகையில் போட்டார்கள்,
நெய்தல் என்றால் இரங்கல் என்று.
எந்தத் தெருவில் இறங்கினாலும்
கடலில் முடிகிற ஊரில் இருந்துகொண்டு
அழாமல் முடிகிற ஒரு கதைக்கு ஆசைப்பட்டேன்.
சட்டத்திலும் எங்களுக்கு ஓர் இலக்கம் உண்டு,
வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போனது:
வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை.
ஒரு நாள்கூட லீவு வைக்கவில்லை.

ஆகவே நிஸ்தாரின் போட்டோக்கொப்பிக் கடை.
இஷாவுக்குப் பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கி,
பக்கம் எட்டு ரூபாய்.
தாளைக் கவிழ்த்தே வாங்கினான், கவிழ்த்தே தந்தான்.
வாசிக்கமாட்டான் என்று நம்பியிருந்தேன்.
மூன்றாம் இரவு, மெசினைப் பார்த்தபடி,
"பன்ரெண்டாம் பக்கத்துல
முத்தத்துக்கு ஒரு புள்ளி விடுபட்டிருக்கு அண்ண."
புள்ளி வைத்தேன்.
அந்தப் பக்கத்துக்கு அவன் காசு எடுக்கவில்லை.

அறுபது படிகள்.
ஆசிரியர் பெயர் பொய்,
முன்னெழுத்து மட்டும் அப்பாவுடையது.
விலை போடவில்லை. பின்னட்டையில்
'வாசித்தபின் இன்னொருவருக்குக் கொடுக்கவும்.'
கிண்ணியாவுக்கு ஏழு, நிலாவெளிக்கு நாலு,
மட்டக்களப்பு பஸ்ஸில் போன கட்டு
யாரும் இறக்காமல் திரும்பிவந்து
மறுநாள் மறுபடி போனது.
பஸ் நிலையத்துப் புள்ளிமான் ஒன்று
கடைசி அத்தியாயத்தைத் தின்றது.
நின்று பார்த்தேன்.
இரங்கல் ஏதுமின்றித்தான் மென்றது.

மாசியில் ஒரு படி என்னிடமே வந்தது.
சைக்கிள் கரியரில், ரப்பர் வளையம் போட்டு.
மூலைகள் மடிந்து, கருவாட்டு மணத்தோடு,
எத்தனை கை மாறியதோ.
முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு மீன் செதில்
ஒட்டிக் காய்ந்திருந்தது.
பக்கத்தில் பென்சில்:

"மூதூர்க் கடைசி வள்ளம் ஐந்தரைக்கு இல்லை.
வாடைக் காத்துக்கு நாலே முக்காலுக்கே விட்டிடுவாங்கள்.
உங்கட இன்பராசா அதைத் தவறவிடுவான்.
இரவைக்கு டெஸ்மன் வீட்டில நிக்கட்டும்."

நான்தான் என்று ஆருக்குத் தெரியும்?
கதவை இரண்டு தரம் பூட்டினேன்.
கொஞ்ச நேரம் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேந்து மேசையில் இருந்து
வள்ளத்தைப் போகவிட்டேன்.

இரண்டாம் பதிப்பில் இன்பராசா
இரைக்க இரைக்க ஜெட்டிக்கு ஓடிவருகிறான்.
தண்ணீரில் டீசல் நிறம் மட்டும் மிச்சம்.
பாலையூற்றில் டெஸ்மனிடம் இருப்பது
ஒரே ஒரு நுளம்பு வலை.
யாரும் சாகவில்லை.
விடியப் பாண் வாங்க ஆர் போவது என்று
ஒரு சண்டை, அத்தோடு முடித்துவிட்டேன்.

இப்போது ஜெட்டிக்குப் போனால்
ஆட்களின் காதுகளைப் பார்க்கிறேன்.
பென்சில் செருகியவர்கள் மூன்று பேர்.
அதில் ஒருவன் துண்டு கிழிக்கிறவன்,
புறங்கையில் வெயில் தோலுரித்த இடம்.
கடைசி வள்ளம் எத்தனைக்கு என்று
தெரியாதவன் போலக் கேட்டேன்.

எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை
அவன் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.